பீரி: மூன்று நீதிமன்றங்கள் கண்ட ஒரு தண்ணீர் மீட்டர்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் மாநகரை ஒட்டிய சொவேட்டோவில் பீரி என்றொரு பகுதி இருக்கிறது. 2004-ல் அங்கே வீடுதோறும் ப்ரீபெய்டு தண்ணீர் மீட்டர் பொருத்தும் வேலை நடந்தது. மாதம் பிறந்ததும் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்தவுடன் மீட்டர் தானே குழாயை அடைத்துவிடும். பணம் கட்டி மீட்டரில் ஏற்றினால் தண்ணீர் வரும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பீரியில் வசித்த ஐந்து பேர் இதை எதிர்த்து 2006-ல் நீதிமன்றம் போனார்கள். முதல் மனுதாரரின் பெயரால் அது மசிபுகோ வழக்கு என்று சட்ட உலகில் அறியப்படுகிறது. மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாகத் தீர்ப்பளித்தன. முதல் நீதிமன்றம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் கொடு என்றது. இரண்டாவது 42 என்றது. மூன்றாவதும் கடைசியுமான அரசமைப்புச் சட்ட நீதிமன்றம், எத்தனை லிட்டர் என்று சொல்வது எங்கள் வேலையில்லை என்று கூறி மனுதாரர்களைத் தோற்கடித்தது. தண்ணீர் உரிமை பற்றி எழுதுகிறவர்கள் இந்த வழக்கைப் பெரும்பாலும் லிட்டர் கணக்காகவே பேசுகிறார்கள். என் பார்வையில் மக்கள் இழந்ததில் பெரியது லிட்டர் அல்ல. குழாய் அடைபடுவதற்கு முன் ஒரு மனிதரிடம் தன் நிலையைச் சொல்லும் வாய்ப்பை அவர்கள் இழந்தார்கள். அந்தப் பகுதியில் தீர்ப்பு தவறிவிட்டது என்று நினைக்கிறேன்.

பழைய குழாய்களும் பழைய கணக்கும்

நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே குடியமர்த்திய இடம் சொவேட்டோ. அதற்குத் தெற்கே இருக்கும் லெனேசியாவும் அப்படி உருவானதுதான். தமிழ்க் குடும்பங்கள் உட்பட இந்திய வம்சாவளியினர் அங்கே அனுப்பப்பட்டார்கள். வெள்ளையர் பகுதிகளில் நல்ல குழாய்களும் மீட்டர்களும் இருந்தன. சொவேட்டோவில் போட்ட குழாய்கள் மட்டமானவை. காலப்போக்கில் அவை துருப்பிடித்து ஒழுகின. வீடுகளில் மீட்டர் கிடையாது. ஒவ்வொரு வீடும் மாதம் 20,000 லிட்டர் செலவிடுவதாக வைத்துக்கொண்டு ஒரே கட்டணம் போட்டார்கள். வழக்கு எழுந்த காலத்தில் அது 68.40 ராண்ட். 1980-களில் வாடகையும் சேவைக் கட்டணமும் கட்ட மறுப்பது ஆட்சிக்கு எதிரான போராட்டமாகவே நடந்தது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகும் கட்டணம் கட்டும் பழக்கம் திரும்பவில்லை. பலரிடம் கட்டுவதற்குப் பணமும் இல்லை.

மாநகராட்சியின் நிலையையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அதற்குச் சொந்தமான ஜோகன்னஸ்பர்க் வாட்டர் நிறுவனம், ராண்ட் வாட்டர் என்ற மொத்த விநியோக அமைப்பிடம் நீர் வாங்குகிறது. அந்த நீரில் கால் பங்குக்கு மேல், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை, சொவேட்டோவுக்குப் போனது. அங்கிருந்து வந்த வருவாயோ மொத்தத்தில் 1%. ஒரு மனைக்குச் சராசரியாக மாதம் சுமார் 67,000 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி யார் வாயிலும் படாமல் மண்ணுக்குள் இறங்கியது. எந்த நிர்வாகமும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘ஆபரேஷன் கினமன்சி’. தண்ணீரைச் சேமி என்பது அந்த ஜூலுப் பெயரின் பொருள். முதலில் பீரியில் தொடங்கினார்கள். பழைய குழாய்களை மாற்றினார்கள், மனைக்குள் இருந்த கசிவுகளைச் சரிசெய்தார்கள். ப்ரீபெய்டு மீட்டருக்கு ஒப்புக்கொண்டவர்களின் பழைய பாக்கியை மூன்று ஆண்டுகளில் படிப்படியாகத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார்கள். ப்ரீபெய்டு மீட்டர் வேண்டாம் என்பவர்கள் முற்றத்தில் நீர் குறைவாக வரும் ஒற்றைக் குழாயை ஏற்கவேண்டும். இரண்டையும் ஏற்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். வசதியான புறநகர்களில் இருந்ததைப் போன்ற, பயன்படுத்திவிட்டுப் பில்லுக்குப் பணம் கட்டும் சாதாரண மீட்டர் பீரிக்குத் தரப்படவில்லை. அந்தக் காலத்தில் ஜோகன்னஸ்பர்க் வாட்டரின் நிர்வாகத்தை 5 ஆண்டு ஒப்பந்தத்தில் கவனித்தது பிரான்ஸின் சூயெஸ் குழுமத்தின் துணை நிறுவனம். அதனால் தனியார்மய எதிர்ப்பு இயக்கங்கள் பீரிக்கு வந்தன. தெருவில் எதிர்ப்பு எழுந்தது, பள்ளம் தோண்ட வந்தவர்கள் தடுக்கப்பட்டார்கள். தெருப் போராட்டத்தை அடக்கிய பிறகுதான் வழக்கு வந்தது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பயன்முறைச் சட்ட ஆய்வு மையம் மனுதாரர்களுக்குத் துணைநின்றது.

ஒரு மனை, ஒரு மீட்டர், இருபது பேர்

6,000 லிட்டர் என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு எளிய பெருக்கல் இருக்கிறது. ஆளுக்கு நாளுக்கு 25 லிட்டர், வீட்டில் 8 பேர், மாதத்தில் 30 நாள். பெருக்கினால் 6,000. தேசிய அரசு 2001-ல் வெளியிட்ட நீர்த்தர விதிகளில் இதுவே குறைந்தபட்ச அளவு. அந்த விதிகள், நீர் 200 மீட்டர் தொலைவுக்குள் கிடைக்கவேண்டும், நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் வரவேண்டும், ஆண்டில் 7 முழு நாட்களுக்கு மேல் யாருக்கும் நீர் இல்லாமல் போகக்கூடாது என்றும் சொல்கின்றன.

பீரியின் வாழ்க்கை இந்தப் பெருக்கலுக்குள் அடங்கவில்லை. ஒரு மனையில் முன்னால் ஒரு வீடு இருக்கும். பின்புறத்தில் தகரக் கொட்டகைகளில் வாடகைக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும். இலவச நீரோ மனைக்குத்தான், மனையில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கைக்கு அல்ல. முதல் மனுதாரரின் மனையில் இருபது பேர் இருந்தார்கள். 6,000 லிட்டரை இருபது பேருக்கு முப்பது நாள் பிரித்தால் ஆளுக்கு நாளுக்கு 10 லிட்டர். அந்த வீடுகளில் இருந்தது தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை. இரண்டு முறை சிஸ்டர்னை இழுத்தால் ஒருவரின் ஒரு நாள் பங்கு முடிந்துவிடும். சமையல், குளியல், துணி, நோயாளியின் படுக்கை எல்லாம் அதற்கு மேல். எய்ட்ஸ் கொடுமையின் உச்சத்தில் இருந்த காலம் அது. வீட்டில் படுத்திருப்பவரைக் கழுவித் துடைக்க எத்தனை வாளி வேண்டும் என்பது வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

முதல் மனுதாரரின் குழாய் 2004-ல் துண்டிக்கப்பட்டது. ப்ரீபெய்டு மீட்டருக்கு ஒப்புக்கொள்ளும்வரை அவர் மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்த நீர்த்தேக்கத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மீட்டர் வந்த பிறகும் பல வீடுகளில் இலவச நீர் மாதத்தின் பாதியைத் தாண்டவில்லை. இன்னொரு மனுதாரரின் மனையில் 2005-ல் பின்புறக் கொட்டகை தீப்பிடித்தது. மீட்டரில் நீர் தீர்ந்துபோனதால் தீயை அணைக்க முடியவில்லை என்று பிரமாணப் பத்திரம் சொன்னது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

வழக்குக்கு முந்தைய சட்டம்

தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 27-ஆம் பிரிவு, போதுமான உணவும் நீரும் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இப்படி எழுதி வைத்திருக்கும் நாடுகள் உலகில் அதிகம் இல்லை. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு, இருக்கும் வளங்களுக்குள் நியாயமான சட்டங்களாலும் நடவடிக்கைகளாலும் அந்த உரிமையைப் படிப்படியாக நிறைவேற்றும் கடமையை அரசுக்கு வைக்கிறது. வழக்கின் தலைவிதி இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருந்தது.

1997-ன் நீர்ச் சேவைச் சட்டம் இதைவிடத் தெளிவானது. நீரைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமானால் நடைமுறை நியாயமாக இருக்கவேண்டும். போதிய முன்னறிவிப்பு தரவேண்டும். பாதிக்கப்படுபவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தரவேண்டும். பணம் கட்ட இயலாதவர் என்று நிரூபித்தால் அவருடைய அடிப்படை நீரை நிறுத்தக்கூடாது. அதன் 4-ஆம் பிரிவில் இவ்வளவும் இருக்கின்றன. என் வாதம் முழுவதும் இந்தப் பிரிவில்தான் நிற்கிறது.

மசிபுகோவுக்கு முன்பு இரண்டு வழக்குகள் வந்திருந்தன. டர்பனில் ஒரு பெண் தன் குழாய் துண்டிக்கப்பட்டதை எதிர்த்தபோது, அடிப்படை நீர் எவ்வளவு என்று சொல்லும் விதிகள் இன்னும் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. ஜோகன்னஸ்பர்க்கில் பான் விஸ்டா மேன்ஷன்ஸ் என்ற அடுக்குமாடி வழக்கில் 2001-ல் வந்த தீர்ப்பு நேரெதிரானது. ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த நீரை நிறுத்துவது முதல் பார்வையிலேயே உரிமை மீறல், நிறுத்தியது சரி என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்று நீதிமன்றம் கூறி இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது.

நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு பெருங்கொடுமை நடந்து முடிந்திருந்தது. 2000 ஆகஸ்டில் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் காலரா பரவியது. முன்பு இலவசமாக நீர் வந்த குழாய்களுக்கு ப்ரீபெய்டு மீட்டர் போட்டதால் பலர் ஆற்றுத் தண்ணீரை எடுத்துக் குடிக்கப் போனது அதற்கு ஒரு காரணம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் தொற்றியது, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற தேசியக் கொள்கை 2001-ல் நடைமுறைக்கு வந்தபோது அந்த நினைவு எல்லோரிடமும் பசுமையாக இருந்தது. பீரியில் மீட்டர் பொருத்தியவர்களுக்கு இந்த வரலாறு தெரியாதிருக்க வழியில்லை.

50, 42, பிறகு எண்ணே இல்லை

உயர் நீதிமன்ற நீதிபதி மொரோவா சோகா 2008 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தார். ப்ரீபெய்டு மீட்டர் முறை சட்டத்துக்கும் அரசமைப்புக்கும் முரணானது என்றார். ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் இலவசமாகத் தரவேண்டும் என்றும், பீரி மக்களுக்குச் சாதாரண மீட்டர் கேட்கும் வாய்ப்பு வேண்டும் என்றும் ஆணையிட்டார். மாநகராட்சி நடத்தியதாகச் சொன்ன கலந்தாலோசனையை அவர் உண்மையான ஆலோசனையாக ஏற்கவில்லை. வெள்ளையர் புறநகரில் பாக்கி வைத்தவருக்கு அறிவிப்பும் அவகாசமும் கிடைக்கும்போது, கறுப்பினத்தவர் வாழும் பீரியில் ஏழைக்கு இயந்திரம் மட்டும் ஏன் என்று கேட்டார். தண்ணீர்ச் சுமையைத் தலையில் தாங்குவது பெண்கள் என்பதையும் கணக்கில் எடுத்தார்.

50 லிட்டர் அவர் மனதில் தோன்றிய எண் இல்லை. நீர் ஆய்வாளர் பீட்டர் கிளெய்க் 1996-ல் முன்வைத்த அளவு அது. குடிக்க 5, கழிவகற்ற 20, குளிக்க 15, சமைக்க 10. சுகாதாரத் துறையில் பலகாலமாகப் புழங்கும் கணக்கு.

மேல்முறையீட்டில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 மார்ச்சில் அளவை 42 லிட்டராகக் குறைத்தது. மாநகராட்சியின் துணைவிதிகள் ப்ரீபெய்டு மீட்டருக்கு அதிகாரம் தரவில்லை, எனவே மீட்டர்கள் சட்டவிரோதம் என்றும் சொன்னது. ஆனால் துணைவிதியைத் திருத்திக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. அவ்வளவு காலமும் மீட்டர் அங்கேயே இருக்கும். வென்றவர்களுக்கு இப்படியொரு வெற்றி.

கடைசித் தீர்ப்பு 2009 அக்டோபர் 8-ல் வந்தது. நீதிபதி கேட் ஓ’ரீகன் எழுதினார், மற்ற நீதிபதிகள் அனைவரும் உடன்பட்டார்கள். அரசமைப்புச் சட்ட நீதிமன்றத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்த அவர் ஓய்வுபெறச் சில நாட்களே இருந்தன. வீட்டுரிமை பற்றிய 2000-ஆம் ஆண்டு குரூட்பூம் வழக்கிலிருந்து அந்த நீதிமன்றம் ஒரு வழியைப் பின்பற்றி வந்தது. சமூக உரிமை வழக்குகளில் ‘குறைந்தபட்சம் இவ்வளவு’ என்று நீதிமன்றம் நிர்ணயிக்காது; அரசின் கொள்கை நியாயமானதா என்று மட்டும் பார்க்கும். ஓ’ரீகன் அதையே தண்ணீருக்கும் பொருத்தினார். எவ்வளவு நீர் போதும் என்பது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு முடிவு செய்யவேண்டியது. தேசிய விதி 25 லிட்டர் என்கிறது, அந்த விதியை யாரும் எதிர்க்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் சராசரி வீட்டில் 3.2 பேர்தான், அவர்களுக்கு 6,000 லிட்டர் 50-க்கும் மேலாகவே வரும். ஒரு மனையில் எத்தனை பேர் என்று எண்ணி எண்ணி நீர் கொடுப்பது நிர்வாகத்துக்குக் கடினம். கொள்கையை மாநகராட்சி தொடர்ந்து திருத்தியும் வருகிறது. ஆகவே அது நியாயமானது.

சராசரியால் நியாயம் பேசும் இந்த இடம் எனக்கு ஒப்பவில்லை. பீரி மனுதாரர்கள் சராசரி வீட்டில் வாழவில்லை என்பதுதான் அவர்களுடைய வழக்கே. ஆனாலும் ஒன்றை ஏற்கிறேன். நீதிபதி ஒருவர் 50 என்றும் இன்னொருவர் 42 என்றும் சொல்லக்கூடிய விஷயத்தில், எண்ணைச் சொல்லத் தயங்கிய நீதிமன்றத்தைக் கோழை என்று திட்ட மாட்டேன். லிட்டர் அளவில் தோற்றதை மக்கள் வேறு வழியில் ஈடுகட்டியிருக்க முடியும். மீட்டர் பற்றிய பகுதியில் தோற்றதற்கு ஈடு கிடைக்கவில்லை.

அடைபட்ட குழாய் ‘நிறுத்தம்’ ஆகாதாம்

மனுதாரர்கள் 4-ஆம் பிரிவைக் காட்டிக் கேட்டது எளிது. இலவச நீர் தீர்ந்து மீட்டர் அடைத்துக்கொள்ளும்போது நீர் நிறுத்தப்படுகிறது. நிறுத்தும் முன் அறிவிப்பு வேண்டும், சொல்ல வாய்ப்பு வேண்டும், பணமில்லாதவர் என்றால் நிறுத்தக்கூடாது. மீட்டர் இந்த மூன்றில் எதையும் செய்வதில்லை. எனவே மீட்டர் சட்டவிரோதம்.

நீதிமன்றத்தின் பதில், மீட்டர் அடைப்பதைச் சட்டம் சொல்லும் ‘நிறுத்தமாக’ எடுக்கமுடியாது, அது தற்காலிக இடைநிறுத்தம் மட்டுமே என்பது. பணம் ஏற்றினாலோ அடுத்த மாதம் பிறந்தாலோ நீர் தானே திரும்பிவிடும் அல்லவா? ஒவ்வொரு முறை தீரும்போதும் அறிவிப்பு கொடு, விசாரணை நடத்து என்றால் நிர்வாகம் நடக்காது. பாகுபாடு என்ற வாதத்தையும் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ப்ரீபெய்டு கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைவு, சொவேட்டோவின் நீரிழப்பைச் சரிசெய்வது நியாயமான நோக்கம் என்பதால் அது அநியாயப் பாகுபாடு ஆகாது.

கையில் காசில்லாத வீட்டில் இதை வைத்துப் பாருங்கள். பதினைந்தாம் தேதி அடைபட்ட குழாய் முப்பதாம் தேதிவரை திறக்காது. தேசிய விதியோ ஆண்டு முழுவதற்கும் ஏழு நாள்தான் அனுமதிக்கிறது. பாக்கி வைத்தவரின் குழாயை ஊழியர் வந்து மூடினால் அது நிறுத்தம், சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. இயந்திரம் மூடினால் இடைநிறுத்தம், பாதுகாப்பு இல்லை. தாகத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஊழியர் வந்தால் கெஞ்சலாம், கைக்குழந்தையைக் காட்டலாம், முதியோர் உதவித்தொகை வரும் தேதியைச் சொல்லலாம், அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுக்கலாம். இவை எல்லாம் நடக்கட்டும் என்றுதான் சட்டம் முன்னறிவிப்பை வைத்தது. அறிவிப்பு கொடுப்பது முடியாத இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது மாநகராட்சி. அந்த முடியாமையையே அதற்கு ஆதரவான காரணமாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

இதற்கு மறுவழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் நீர் நிறுவனங்கள் வைத்த ப்ரீபெய்டு கருவிகளை உள்ளாட்சிகள் எதிர்த்தபோது, தானே அடைத்துக்கொள்வதும் துண்டிப்புதான், துண்டிப்புக்கான சட்ட நடைமுறையை அது மீறுகிறது என்று 1998-ல் நீதிமன்றம் சொன்னது. 1999-ன் சட்டம் பாக்கிக்காக வீடுகளின் நீரைத் துண்டிப்பதையே தடைசெய்தது. அங்கே அரசமைப்பில் தண்ணீர் உரிமை எழுதப்படவுமில்லை.

ஜோகன்னஸ்பர்க்கிலேயே இன்னும் அருகில் ஒன்று இருக்கிறது. மசிபுகோ தீர்ப்புக்கு மறுநாள், 2009 அக்டோபர் 9-ல், அதே அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் ஜோசப் வழக்கில் தீர்ப்பளித்தது. எனர்டேல் மேன்ஷன்ஸ் என்ற கட்டடத்தின் வாடகைதாரர்கள் மின்கட்டணத்தை உரிமையாளரிடம் ஒழுங்காகக் கட்டிவந்தார்கள். உரிமையாளர் மாநகராட்சிக்குக் கட்டவில்லை. வாடகைதாரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மாநகராட்சியோடு ஒப்பந்தம் இல்லாத வாடகைதாரருக்கும் 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்தே தீரவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி, அறிவிப்பின்றித் துண்டிக்கலாம் என்ற துணைவிதிச் சொற்களை நீக்கியது. அடிப்படைச் சேவையை ஒருவரிடமிருந்து எடுக்கும் முன் அவரிடம் பேசவேண்டும் என்ற நெறியை இவ்வளவு அழகாகச் சொன்னவர்கள், முந்தின நாள் அதே நெறியைத் தண்ணீருக்கு மறுத்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லாமல் இரண்டு வாரம் கடக்கலாம். தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் கடக்க முடியாது.

தோற்ற வழக்கு கொண்டுவந்தவை

வழக்கு நடந்த ஆண்டுகளில் மாநகராட்சி தன் கொள்கையைத் திரும்பத் திரும்ப மாற்றவேண்டி வந்தது. வறியோர் பட்டியலில் பதிவு செய்த வீடுகளுக்கு மாதம் 4,000 லிட்டர் கூடுதலாக வந்தது. அவசரத்துக்கு ஆண்டில் ஒருமுறை இன்னொரு 4,000 லிட்டர் வந்தது. தீ விபத்து போன்றவற்றுக்கு அது. பின்னர் சியாசிசானா என்ற திட்டத்தில் மிக வறியவர்களுக்கு ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் வரை என்றார்கள். மனுதாரர்கள் நீதிமன்றத்தில் கேட்ட அதே எண். கொள்கைக்கு விளக்கம் சொல்லும்படி மாநகராட்சியை நிறுத்தியது இந்த வழக்குதான் என்று ஓ’ரீகனே தன் தீர்ப்பில் ஒப்புக்கொண்டார். தோற்றவர்களின் உழைப்பு வீணாகவில்லை.

ஆனால் இந்தச் சலுகைகள் எல்லாம் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான். தகுதியுள்ளவர்களில் சிறு பங்கினரே பதிவு செய்திருந்தார்கள். அலுவலகம் தூரம், ஆவணம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும், ஏழை என்று நின்று நிரூபிக்கவேண்டும். பின்கொட்டகையில் வாடகைக்கு இருப்பவருக்கு நீர்க்கணக்கே தன் பெயரில் இல்லை. பட்டியலில் ஏறாத ஏழைக்கு மீட்டர் அடைபடும் வேளையில் தன் நிலையைச் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால், பட்டியல் தவறவிட்டதை அது பிடித்திருக்கும். 4-ஆம் பிரிவு அந்த இடத்தைத்தான் கொடுத்திருந்தது. தீர்ப்பு அதை மூடியதால் பட்டியலும் மீட்டரும் மட்டும் மிஞ்சின.

2010 ஜூலை 28-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதுகாப்பான குடிநீரும் கழிவகற்று வசதியும் மனித உரிமை என்று பொலிவியா முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்றது. ஆதரவு 122, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் விலகியவை 41. மசிபுகோ தீர்ப்பு வந்து பத்து மாதம் கூட ஆகவில்லை. எவ்வளவு நீர், யார் நிறுத்தலாம், எப்படி நிறுத்தலாம் என்ற பீரியின் கேள்விகளுக்கு அந்தத் தீர்மானத்தில் பதில் இல்லை.

2017 ஜூலையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் எல்லா வீட்டுக்குமான 6,000 லிட்டர் இலவசத்தை நிறுத்தி, பட்டியலில் பதிவு செய்த வறியோருக்கு மட்டும் என்று மாற்றியது. எல்லோருக்கும் கிடைக்கிறது, அதனால் ஏழையைத் தேடிப் பிடிக்கவேண்டிய தேவை இல்லை என்பது 2009-ல் நீதிமன்றம் அந்தக் கொள்கையை நியாயமானதென்று ஏற்றதற்கு ஒரு தாங்குகோலாக இருந்தது. அந்தத் தாங்குகோல் போய்விட்டது. பீரியின் மீட்டர்களை மறுபடி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக நினைக்கும் வழக்கறிஞர் தொடங்கவேண்டிய இடம் இதுவென்று நினைக்கிறேன்: கொள்கை மாறியபின் பழைய நியாயம் தொடருமா, பட்டியலில் இல்லாத வீட்டின் குழாயை மாத முதல் நாளே இயந்திரம் அடைத்தால் அதையும் இடைநிறுத்தம் என்பார்களா?